சேர் துடைத்த லப்டொப்

அந்த லப்டொப்பின் மூடியில் மடு மாதாவின் ஒட்டுப்படம் ஒன்று இருந்தது. ஏதோ ஓர் ஆவணித் திருவிழாக் கடையில் வாங்கியது. ஒவ்வொரு நாள் காலையிலும் எங்கள் பணிப்பாளர் அதைத் திறப்பதற்கு முன் ஆள்காட்டி விரலால் மாதாவின் பாதத்தைத் தொட்டு, விரலை உதட்டில் ஒற்றிக்கொள்வார். தொட்டுத் தொட்டுப் பாதம் இருந்த மூலை வெள்ளையாகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பக்தியைப் பார்த்து, நல்ல மனிதரிடம்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என்மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் இருக்கிறது.

போன மாதம் அதே லப்டொப் வங்காலையில் என் வீட்டு மேசைக்கு வந்தது. சேர் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பணிப்பாளரை நாங்கள் எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மகள் அதைப் புடவைக்கடைப் பை ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்தாள். இரண்டு உதவி கேட்டாள். அப்பாவின் படங்களெல்லாம் கிளவுட்டில் கிடக்கின்றன, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அவற்றை இறக்கித் தர வேண்டும். கூடவே, அவரோடு வேலை செய்தவள் என்ற முறையில் மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். முதலாவதைச் செய்து கொடுத்தேன். இரண்டாவது இதுதான். மலர் வெளிவந்த பிறகுதான் எழுதுகிறேன், முன்பே தந்திருந்தாலும் இதை அவர்கள் அச்சிட்டிருக்க மாட்டார்கள்.

செத்த வீட்டுக்கு நான் போகவில்லை. போனவர்கள் வந்து, கோயில் நிரம்பி வழிந்தது என்றும், பாடகர் குழு அழுதுகொண்டே பாடியது என்றும் சொன்னார்கள். இருக்கும். அவர் நன்றாகப் பாடுவார். நன்றாகப் பேசுவார். யார் வீட்டில் இழவு விழுந்தாலும் முதல் கதிரையில் உட்கார்ந்திருப்பார். ஊருக்கு அவர் காட்டிய முகம் அது. கந்தோருக்குள் எங்களுக்குக் காட்டிய முகத்தைப் பற்றி யாரும் மலரில் எழுதியிருக்க மாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன்.

மன்னார் நகரில் எங்கள் தொண்டு நிறுவனத்தின் கந்தோர் மூன்று அறைகளில் இருந்தது. இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனத்தின் காணி உறுதிகள், அனுமதிப்பத்திரங்கள், பழைய வரிச் சிட்டைகள் எல்லாவற்றையும் வாங்கி, ஸ்கான் செய்து, கிளவுட்டில் பத்திரப்படுத்தி வைப்பது எங்கள் வேலை. காணி விசாரணை வந்தால் அதை எடுத்துக் கொடுப்போம். நான்தான் கணினிக்குப் பொறுப்பு. ஆனால் கணக்கின் முதன்மைப் பாஸ்வேர்ட் என்னிடம் இல்லை. ஏற்றவும் இறக்கவும் மட்டும் எனக்கு அனுமதி. மற்றதெல்லாம் சேரிடம். கேட்டால், "திறப்பு ஒரு ஆளிட்டத்தான் இருக்கவேணும் பிள்ளை, நாலு பேரிட்ட இருந்தா அது திறப்பில்லை" என்று அலுமாரிச் சாவியைக் காட்டிச் சிரிப்பார். நல்ல மனநிலையில் இருந்தால் பிள்ளை. இல்லாவிட்டால் நீர். எங்களுடைய சொந்தக் கணினிகளில் ஒரு பிரதிகூட வைத்திருக்கக்கூடாது என்பதும் அவருடைய கட்டளை.

கிளவுட் என்றால் எல்லோரும் வண்ண வண்ணப் படங்களோடு திறக்கும் இணையப் பக்கத்தைத்தான் நினைப்பார்கள். வெள்ளாங்குளம் பக்கம் போய் அதைத் திறந்து பாருங்கள். ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. அதனால் நான் கறுப்புத் திரையில் வேலை செய்யப் பழகினேன். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. வெறும் எழுத்து. பட்டியல் காட்டு என்று ஒரு வரி அடித்தால், எங்கேயோ ஒரு தேசத்தில் இருக்கும் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். பிரதி எடு என்று இன்னொரு வரி அடித்தால், கேட்ட கோப்பு மட்டும் மெல்ல மெல்ல இறங்கும். தொடர்பு இடையில் அறுந்தாலும், திரும்பக் கிடைக்கும்போது விட்டுப்போனதை மட்டும் பிடித்துக்கொள்ளும். குளக்கட்டில் நின்று லப்டொப்பை மோட்டார் சைக்கிள் இருக்கையில் வைத்து இப்படி எத்தனையோ பேரின் பத்திரங்களை எடுத்துக் காட்டியிருக்கிறேன். சேர் பின்னால் நின்று, எங்களுக்குப் பணம் தரும் நிறுவனத்திலிருந்து வந்திருக்கும் வெளிநாட்டுக்காரருக்கு அதைத் தன்னுடைய ஏற்பாடாக விளக்குவார்.

அப்படிக் காட்டியவர்களில் ஒருவர் வெள்ளாங்குளத்து அம்மா. மலையகத்தில் கலவரத்துக்குத் தப்பி, சின்னப் பிள்ளையாகத் தாய் தகப்பனோடு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். கணவருடைய பெயரில் இரண்டு ஏக்கருக்கு அனுமதிப்பத்திரம் இருந்தது. கணவர் கடைசிச் சண்டையில் போய்விட்டார். இடப்பெயர்வு முழுக்க அந்தப் பத்திரத்தைப் பால்மாத் தகர ரின்னுக்குள் வைத்துத் தூக்கித் திரிந்து, எங்களிடம் கொண்டுவந்து காட்டினார். ஸ்கான் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் வந்து ரின்னுக்குள் இருந்ததைக் கூழாக்கிவிட்டது. சொல்ல வந்தபோது அவர் அழவில்லை. "அதுக்கென்ன, ஒங்க கம்பியூட்டர்ல இருக்குல்ல புள்ள" என்றார். அரசாங்கக் கந்தோரில் இருந்த பதிவேடு சண்டையில் எரிந்துபோயிருந்தது. ஆகவே அந்தக் காணி அவருடையது என்று சொல்ல உலகத்தில் மிஞ்சியிருந்தது எங்களிடம் இருந்த அந்த ஒரு ஸ்கான் மட்டும்தான். கடைக்காரர் ஒருவர் அந்த இரண்டு ஏக்கரையும் சேர்த்து வேலி போட்டிருந்தார். விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று.

இனிச் சொல்லப்போவது எங்கள் பக்கத்துச் சனத்துக்கு மட்டும் விளங்கக்கூடிய ஒரு பழக்கம். தள்ளாடிச் சந்தியிலும் பாலத்தடியிலும் இருந்த இராணுவச் சோதனைத் தடைகளில் வருசக்கணக்கில் இறங்கி ஏறி, பையைக் கொட்டிக் காட்டிப் பழகிய சனம் நாங்கள். என் அம்மா இன்றைக்கும் வவுனியாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால்கூட, முதல் நாளே கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்து, பழைய சிட்டைகளையும் துண்டுக் காகிதங்களையும் எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் புறப்படுவார். மற்றவர்கள் போனில் இருக்கும் படங்களை அழிப்பார்கள். அழிக்க மனமில்லாததை வேறு எங்காவது ஒளிப்பார்கள். அரிசிக்குள், மாதா சுருபத்தின் பெட்டிக்குள். இப்போது தடைகள் குறைவு. யாரும் கேட்பதில்லை. ஆனாலும் பயணம் என்றால் கை தானாகத் துடைக்கத் தொடங்கிவிடும். சேர் இதில் எல்லோரையும் விட மோசம். "றோட்டில போகேக்க எங்களிட்ட ஒண்டும் இருக்கக்கூடாது" என்று சொல்லிச் சொல்லியே லப்டொப்பைக் காலி செய்வார்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைப் போலத்தான் நானும். அந்த லப்டொப்பில் ஒவ்வொரு பின்னேரமும் ஐந்தரைக்குத் தானாக ஓடும்படி ஒரு கட்டளையை நான் எழுதி வைத்திருந்தேன். பிரதி எடுக்கும் கட்டளை அல்ல, ஒத்திசைக்கும் கட்டளை. பிரதி எடுப்பது, இங்கே இருப்பதை அங்கே சேர்க்கும், அங்கே இருப்பதைத் தொடாது. ஒத்திசைப்பது, அங்கே இருப்பதை இங்கே இருப்பதைப் போலவே ஆக்கும். இங்கே ஒரு கோப்பு இல்லாவிட்டால் அங்கேயும் இல்லாமல் செய்துவிடும். ஒன்றுக்கு இரண்டாகக் கோப்புகள் கிடப்பது குப்பை என்று சேர் சத்தம் போட்டதால் அப்படி எழுதினேன். ஆபத்து என்று ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

விசாரணைக்கு ஐந்து கிழமை இருக்கும்போது சேர் கொழும்புக்கு ஒரு கூட்டத்துக்குப் போனார். லப்டொப்பையும் கொண்டுபோனார். அடுத்த நாள் காலை நான் வெள்ளாங்குளத்து அம்மாவின் பத்திரத்தை அச்செடுத்து வைப்போம் என்று கந்தோர்க் கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து, வெள்ளாங்குளம் கோப்புறையின் பட்டியலைக் கேட்டேன். ஒரு பெயரும் வரவில்லை. வெறும் கோடு நின்று மின்னியது. தொடர்பு இல்லையாக்கும் என்று எருக்கலம்பிட்டிக் கோப்புறையின் பட்டியலைக் கேட்டேன். மளமளவென்று வந்தது. திரும்ப வெள்ளாங்குளம். ஒன்றுமில்லை. அந்தக் கோப்புறையில் பத்திரங்களோடு வேலிகளின் படங்களும் எல்லைக் கற்களின் படங்களும் இருந்தன. வழியில் யாராவது பார்த்தால் கேள்வி வரும் என்று பயப்படக்கூடிய படங்கள் அவை. என்ன நடந்திருக்கும் என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. துடைத்த லப்டொப் கொழும்பு விடுதியில் வைஃபையைப் பிடித்திருக்கிறது. ஐந்தரைக்கு என் கட்டளை ஓடியிருக்கிறது.

சேர் திரும்பி வந்ததும் கேட்டேன். "சேர், போக முதல் வெள்ளாங்குளம் கோப்புறையைத் துடைச்சனீங்களோ?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மற்ற நான்கு பேரையும் அறைக்குள் கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டுச் சொன்னார். "நான் ஒண்டும் துடைக்கேல்லை. இந்தக் கறுப்புத் திரை வித்தையெல்லாம் எனக்குத் தெரியாது. நீர் எழுதின கொமாண்ட்தான் ரெண்டு பக்கத்தையும் அழிச்சிருக்கு."

இரண்டு பக்கத்தையும் அழிக்கும் கட்டளை அது அல்ல என்று நான் விளக்கினேன். யாருக்கும் விளங்கவில்லை. கட்டளை எழுதியவள் நான் என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கியது.

கிளவுட்டில் அழிந்த கோப்பு உடனே போய்விடாது. ஒரு குப்பைக்கூடையில் முப்பது நாள் கிடக்கும். அதற்குள் போய் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கூடையைத் திறக்க முதன்மைப் பாஸ்வேர்ட் வேண்டும். "சேர், ஒருக்கா திறந்து தாங்கோ, அஞ்சு நிமிசம் காணும்" என்று நான் கெஞ்சாத நாள் இல்லை. பார்ப்பம் என்றார். பிறகு, தான் பார்த்துவிட்டதாகவும் அங்கே ஒன்றுமில்லை என்றும் சொன்னார். நாட்களை நான் மேசை நாட்காட்டியில் வெட்டிக்கொண்டு வந்தேன். இருபதாம் நாள் ஒரு கடிதத்தை முன்னால் வைத்தார். என் கவனக்குறைவால் வெள்ளாங்குளம் ஆவணங்கள் மீளப் பெற முடியாதபடி அழிந்துவிட்டன என்று எழுதியிருந்தது. கையெழுத்து வைத்தால் பிரச்சினை இதோடு முடியும், வைக்காவிட்டால் பொலிசுக்குப் போகும் என்றார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். பயந்துபோய் வைத்தேன். வாழ்க்கையில் நான் வைத்த கையெழுத்துகளில் நினைத்தால் உடம்பு கூசுவது அது ஒன்றுதான்.

முப்பதாம் நாள் கழிந்தது. மற்றக் குடும்பங்களிடம் மூலப் பத்திரங்கள் இருந்தன, திரும்ப ஸ்கான் செய்தார்கள். வெள்ளாங்குளத்து அம்மாவிடம் ஒன்றும் இல்லை. விசாரணை நாளில் அவர் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து, கந்தோர் வாசலில் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார், பத்திரத்துக்கு. இல்லை என்று நான் சொன்னதை அவர் முதலில் விளையாட்டுக்குச் சொல்லும் பகிடி என்றே நினைத்தார். ஆவணம் எதுவும் சமர்ப்பிக்கப்படவில்லை என்று எழுதி, காணி வேலி போட்ட கடைக்காரருக்குப் போய்விட்டது. சேர் அந்த அம்மாவின் தோளில் கையை வைத்து, "நான் என்ன செய்யிறது அம்மா, இந்தக் காலத்துப் பிள்ளையளை நம்பித்தானே குடுக்க வேண்டிக் கிடக்கு" என்று சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார். அந்த மாதத்தோடு வேலையை விட்டேன்.

அதன் பிறகு மூன்று வருடம் போய்விட்டது. இப்போது வங்காலையில் வீட்டு அறையில் இருந்துகொண்டே தூரத்துக் கம்பனி ஒன்றின் கோப்புகளைக் கறுப்புத் திரையில் பார்த்துக்கொள்கிறேன். இடையில் கோயிலில் சேரைப் பல தடவை கண்டிருக்கிறேன். சமாதானம் பரிமாறும் நேரத்தில் ஒருமுறை கும்பிட்டபடி என்னிடம் வந்தார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.

சேரின் மகள் கொண்டுவந்த லப்டொப்பைத் திறந்தால் உள்ளே ஒரு கோப்பும் இல்லை. சாகும்வரை அவர் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். கிளவுட்டில் இருந்த அவருடைய சொந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் செபப் புத்தகத்துக்குள் நவநாள் அட்டையின் பின்பக்கத்தில் இருந்ததாம். அவருடைய போனுக்கு வந்த ஆறு இலக்கத்தையும் மகள் வாசித்துக் காட்டினாள். இணையப் பக்கத்தில் அத்தனை படங்களையும் ஒன்றாக இறக்கப் பார்த்து மூன்று தடவை தொடர்பு அறுந்துவிட்டது என்றாள். நான் அந்த லப்டொப்பிலேயே கறுப்புத் திரையைத் திறந்து, கணக்கை இணைத்து, பட்டியலைக் கேட்டேன். பெயர்கள் விழத் தொடங்கின. ஞானஸ்நானம், மகளின் பட்டமளிப்பு, மடு, பாடகர் குழு. பிறகு பாட்டுப் புத்தகம் என்று ஒரு கோப்புறை. பாட்டுகளுக்கு அவ்வளவு பெரிய கோப்புறை எதற்கு என்று உள்ளே பார்த்தேன்.

வெள்ளாங்குளம் முழுவதும் அதற்குள் இருந்தது. நான் வைத்த பெயர்களிலேயே இருந்தது. ஏற்றிய திகதி, அவர் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று காலை. துடைக்க முன் ஒளித்திருக்கிறார். எங்கள் சனத்தின் பழக்கம்தானே.

மறந்திருப்பார் என்று நினைக்கவும் முயன்றேன். அவருக்காக இல்லை, என் நெஞ்சு ஆறட்டும் என்று. ஆனால் பட்டியலின் கடைசியில் ஒரு கோப்பு தனியாக இருந்தது. அதன் திகதி இருபது நாள் பிந்தியது. இறக்கிப் பார்த்தேன். என் கையெழுத்தோடு அந்தக் கடிதம். அதைக் கொண்டுவந்து அதே கோப்புறைக்குள் வைத்திருக்கிறார். வைக்கும்போது மற்றவை கண்ணில் படாமல் இருக்க முடியாது. நான் போன பிறகாவது பத்திரத்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மீளப் பெற முடியாது என்று கடிதம் சொல்கிறது. கடிதம் உண்மையாக இருக்க வேண்டுமென்றால் பத்திரம் இல்லாமல் இருக்க வேண்டும். தன் பெயருக்கு ஒரு கீறல் விழாமல் இருக்க ஒரு விதவையின் இரண்டு ஏக்கரைப் பாட்டுப் புத்தகத்துக்குள் பூட்டி வைத்துவிட்டு, ஞாயிறு தோறும் பாடிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் அவரை வெறுத்தது அளவுக்கு மிஞ்சியதோ என்று இடைக்கிடை யோசித்ததுண்டு. குறைவாகத்தான் வெறுத்திருக்கிறேன்.

மகளிடம் மறைக்கவில்லை. திரையைத் திருப்பி எல்லாவற்றையும் காட்டினேன்.

"அக்கா, அப்பா போயிட்டார். இனி இதால என்ன?" என்றாள். "படங்களை மட்டும் எடுத்துப்போட்டு இதை அழிச்சு விடுங்கோ. ஆருக்கும் தெரிய வேண்டாம்."

"அழிச்சது நான் எண்டு ஒருக்கா கையெழுத்து வைச்சிட்டன் தங்கச்சி," என்றேன். "இன்னொருக்கா ஏலாது."

அவள் அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. படங்களையெல்லாம் ஒரு சிறிய வன்தட்டில் போட்டுக் கொடுத்தேன். பாட்டுப் புத்தகத்தை மூன்று இடங்களில் பிரதி எடுத்தேன். லப்டொப்பை இன்னும் சில நாள் வைத்திருந்து தருகிறேன் என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு மன்னாரில் மணி அடித்திருக்கும் நேரம் நான் வெள்ளாங்குளம் போகும் பஸ்ஸில் இருந்தேன். சேரின் லப்டொப் மடியில். அதே லப்டொப்பில்தான் அந்த அம்மா பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அச்செடுத்த பிரதியும் பையில் இருந்தது. வழியில் ஓர் இடத்தில் சீருடைக்காரர் ஒருவர் ஏறி, பையைத் திறக்கச் சொன்னார். திறந்து காட்டினேன். ஒன்றையும் துடைக்காமல் நான் போன முதல் பயணம் அது.

அந்த அம்மா இப்போது தன் மகளின் வீட்டோடு சாய்த்து இறக்கிய ஒரு பத்தியில் இருக்கிறார், கூலி வேலைக்குப் போகிறார். நான் பாயில் உட்கார்ந்து லப்டொப்பைத் திறந்து, பத்திரத்தைத் திரையில் வைத்தேன். அவர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் பத்திரத்தைத் தெரியும். மேல் மூலையில் இருந்த பழைய தண்ணீர்க் கறையை விரலால் தொட்டார்.

"இத்தன நாளும் இது எங்க புள்ள இருந்துச்சு?"

"சேரிட்ட இருந்தது அம்மா. ஒளிச்சு வைச்சிருந்தவர்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேன்முறையீடு போடலாம், சட்டத்தரணி ஒருவரிடம் பேசியிருக்கிறேன், வெல்லும் என்று சொல்ல முடியாது, ஆனால் இனி வெறுங்கையோடு போகத் தேவையில்லை என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அதெல்லாம் அவர் காதில் விழுந்ததோ தெரியாது. அறை மூலையில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், பேப்பரில் வந்த சேரின் மரண அறிவித்தலை வெட்டி ஒட்டியிருந்ததை அப்போதுதான் கண்டேன். முன்னால் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"முப்பது நாளா ஏத்துறேன்," என்றார். "நமக்காக அலைஞ்ச மனுசன்னு."

எழுந்து போய் அந்தத் திரியை இரண்டு விரலால் நசுக்கி அணைத்தார். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, திரும்பவும் லப்டொப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அடியில எங்க வீட்டுக்காரரு கையெழுத்து இருக்கும். அதப் பெருசாக்கிக் காட்டு புள்ள."